ஒரு வாரம் தள்ளிப்போன புனித வெள்ளி

2013ஆம் ஆண்டில் புனித வெள்ளி மார்ச் 29 அன்று வந்தது. அதை ஏப்ரல் 5க்கு மாற்றியவள் நான். அப்போது எனக்கு வயது பத்து.

சிவகாசியில் அப்பாவும் பெரியப்பாவும் சேர்ந்து நடத்திய அச்சகத்தில் தினசரி காலண்டர்தான் முக்கிய வேலை. ஆடி பிறந்தால் அப்பா மாதிரி ஆல்பத்தைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக ஆர்டர் பிடிக்கப் போய்விடுவார். அச்சகம் பெரியப்பாவின் பொறுப்பு. தேதி என்றால் எனக்குப் பைத்தியம் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். யாருடைய பிறந்தநாள் எந்தக் கிழமையில் வரும் என்று கேட்டால் விரல் மடக்கிச் சொல்லிவிடுவேன். அந்தத் திறமையை வீணாக்க விரும்பாத பெரியப்பா, காலாண்டு விடுமுறையில் என்னிடம் ப்ரூஃப் தாள்களைக் கொடுத்து, தேதியும் கிழமையும் ஒத்துப்போகின்றனவா என்று பார்க்கச் சொல்வார். நான் ஊதா நிறப் பென்சிலால் குறி போடுவேன். அவர் கீழே கையெழுத்துப் போடுவார். என் குறிகளைப் பார்த்துவிட்டுத்தான் போடுகிறார் என்று நம்பியிருந்தேன்.

2012இல், அடுத்த ஆண்டுக் காலண்டருக்கு வந்த ஆர்டர்களில் ஒன்று விருதுநகர்ப் பக்கத்துக் கிறிஸ்தவச் சபை ஒன்றினுடையது. ஒவ்வொரு நாள் தாளின் அடியிலும் ஒரு வேத வாக்கியம் இருக்கும். தேதி பார்க்கும்போதே அவற்றையும் படித்துக்கொண்டு போனேன். ஒரு தாளில், உலகத்தார் எல்லோருடைய பாவத்துக்காகவும் அவர் தண்டனையைத் தாமே சுமந்தார் என்ற பொருளில் இருந்தது. இரண்டு மாதம் தள்ளி இன்னொரு தாளில், தம் மக்களுக்காகத் தம்மைக் கொடுத்தார் என்பதுபோல இருந்தது. கணக்கு இடிக்கிறதே என்று தோன்றியது. இரண்டு தாள்களையும் எடுத்துக்கொண்டு கம்ப்யூட்டர் அறைக்குப் போனேன்.

அங்கே பக்கம் அமைக்கும் வேலையைச் செய்தவர் நாரணாபுரத்திலிருந்து வேனில் வரும் ஓர் அக்கா. உறவில்லை. ஆனால் அச்சகத்தில் எல்லோருக்கும் அவர் அக்காதான். கிறிஸ்தவர்.

“அக்கா, எல்லாருக்குமா, அவரோட ஆளுகளுக்கு மட்டுமா?”

அக்கா இரண்டு தாள்களையும் பார்த்துச் சிரித்தார். “எங்க சபையில எல்லாருக்கும்ம்பாக. எங்க வீட்டுக்காரரு சபையில, ஆண்டவரு முன்னாடியே தெரிஞ்செடுத்தவுகளுக்கு மட்டும்ம்பாக. ஞாயித்துக்கிழமை எங்க வீட்ல கொழம்பு கொதிக்கிறதே இந்தச் சண்டையிலதான் பாப்பா.”

“அப்ப எனக்கு உண்டா?”

“எங்க சபைப்படி உனக்கும் உண்டு. ஆனா நீ வாங்கிக்கிடணும். அவுக சபைப்படின்னா லிஸ்ட்ல உன் பேரு இருக்கணும்.”

“லிஸ்ட் எங்க இருக்கு?”

“அது மட்டுந்தான் சிவகாசில அடிக்கிறதில்ல.”

இந்தக் கேள்வியால் சபைகள் பிரிந்திருக்கின்றன என்பதையும், நூற்றாண்டுகளாக அறிஞர்கள் இதைப் பற்றித் தடித்த தடித்த நூல்களை எழுதியிருக்கிறார்கள் என்பதையும் பின்னாளில் வாசித்தேன். அன்று எனக்கு அந்தப் பதிலே போதுமானதாக இருந்தது. தாள்களோடு திரும்பிப் போய் மார்ச் மாதத்தை எடுத்தேன்.

அங்கேதான் புனித வெள்ளி மார்ச் 29 என்று கண்டேன். பழைய காலண்டரைப் புரட்டினால் 2012இல் அது ஏப்ரல் 6. கிறிஸ்துமஸ் எந்த வருடமும் நகர்வதில்லை. ஆகவே அவர்களுடைய நாள்கள் நிலையானவை, நகர்வது எங்கள் தீபாவளிதான், நிலாவைப் பார்த்து நாள் குறிப்பவர்கள் நாங்கள் மட்டுமே என்று முடிவு செய்தேன். ஆனால் 2013இல் ஏப்ரல் 6 சனிக்கிழமை. வெள்ளி என்று பெயர் வைத்துவிட்டுச் சனிக்கிழமை போட முடியாது. எனவே ஒரு நாள் முன்னால் நகர்த்தி ஏப்ரல் 5 என்று வட்டமிட்டேன். அதோடு உயிர்த்தெழுந்த ஞாயிறையும் ஒரு வாரம் தள்ளிவைத்தேன். மிகவும் கவனமாகச் செய்த வேலை அது.

சபையார் பார்த்து ஒப்புதல் கொடுத்திருந்த ப்ரூஃப். இருந்தும் அடியில் பெரியப்பாவின் கையெழுத்து இருந்ததால், சபையிலிருந்து போனில் சொல்லியிருப்பார்கள் என்று நினைத்து அக்கா மாற்றிவிட்டார். ஆறு மாதம் கழித்து வரும் புனித வெள்ளி எந்தத் தேதியில் என்று யாருக்கும் மனப்பாடமாகத் தெரியாது. தெரிய வேண்டுமென்றால் காலண்டரைப் பார்க்க வேண்டும். காலண்டரோ நாங்கள்தான்.

தீபாவளிக்கு மூன்று நாள் முன்பு, சனிக்கிழமை, சபையின் போதகர் காலண்டர்களின் முதல் கட்டை வாங்க வந்தார். பெரியப்பாவின் மேசையெதிரே உட்கார்ந்து தாள்களைப் புரட்டியவர் ஓரிடத்தில் நின்றார். பெரியப்பா அக்காவைக் கூப்பிட்டார். நான் கதவோரத்தில் நின்றிருந்தேன். ப்ரூஃப் வைத்த கோப்பு பெரியப்பாவின் முழங்கைக்கு அடியில் மூடியபடி இருந்தது. அதைத் திறந்தால் ஊதா வட்டம் தெரிந்துவிடும்.

“யாரும்மா இத மாத்துனது?”

“நாந்தான் மொதலாளி. கவனிக்காம விட்டுட்டேன்.”

“உங்க சாமி செத்த நாளு உனக்கே தெரியலைன்னா வேற யாருக்குத் தெரியும்? திங்கக்கிழமைல இருந்து வேலைக்கு வராத.”

போதகர் பதறினார். “அந்தப் பிள்ளைய விட்டுருங்க அண்ணாச்சி. ஒரு வாரம் தள்ளிப்போனதுக்கு ஆண்டவரு ஒண்ணும் கோவிச்சுக்கிட மாட்டாரு. தாள மட்டும் மாத்திக் குடுங்க, போதும்.”

அக்கா வெளியே போகும்போது என் தலையைத் தொட்டுவிட்டுப் போனார்.

ஞாயிறு முழுவதும் எனக்கு ஒரே யோசனை. பயம் இருந்தது. ஆனால் அதைவிட ஆச்சரியமே அதிகம். காலண்டர் தாளில் படித்த விஷயம் என் கண்முன்னே நடந்துவிட்டது! என் தப்பை ஒருவர் தன் தப்பு என்று சொல்லித் தண்டனையை வாங்கிக்கொண்டார். நான் கேட்கக்கூட இல்லை. ஆனால் வாங்கிக்கிடணும் என்று அக்கா சொல்லியிருந்தாரே, அது எப்படி? வாயைத் திறக்காமல் இருந்தால் வாங்கிக்கொண்டதாகுமா, உண்மையைச் சொன்னால் வாங்கிக்கொண்டதாகுமா? சொல்லிவிட்டால் அக்கா செய்தது வீணாகிவிடாதா? டைரியில் இரண்டு பக்கமும் எழுதிப் பார்த்தும் பிடிபடவில்லை.

திங்களன்று நாரணாபுரம் வேனில் அக்கா இல்லை. அன்று அச்சகத்தில் எல்லோருக்கும் தீபாவளிப் பெட்டி கொடுத்தார்கள். இனிப்பு, மிக்சர், ஒரு சேலை. வெட்டும் மிஷின் மேல் ஒரு பெட்டி மட்டும் மிஞ்சி நின்றது. அதைப் பார்த்ததும் தாங்க முடியாமல் பெரியப்பாவிடம் போனேன்.

“தேதிய மாத்துனது நாந்தான் பெரியப்பா.”

அவர் நிமிரவே இல்லை. “தெரியும். ஊதாப் பென்சில் இங்க வேற யாருட்ட இருக்கு?”

“அப்ப அக்காவ வரச் சொல்லுங்க.”

“வருவா, தீவாளி கழியட்டும். பச்சப்பிள்ளைட்ட ப்ரூஃப் பாக்கக் குடுத்தேன்னு அந்த மனுசன்ட்ட சொல்ல முடியுமா? ஊரெல்லாம் சிரிக்கும். போ, இந்தப் பெட்டிய வீட்டுக்குக் கொண்டு போ.”

கொண்டுபோனேன்.

தீபாவளி முடிந்து வியாழக்கிழமை அக்கா வந்துவிட்டார். வந்ததும் பழைய தாள்களைப் பிரித்து, என் திருத்தத்தால் மாறிப்போன நான்கு நாள்களையும் சரிசெய்யும் வேலை. பள்ளி விட்டு நேராக அவரிடம் போய்க் கேட்டேன்.

“எனக்காகத்தான சொன்னீக அக்கா?”

“மாதிரிக்கு அனுப்புன காலண்டரப் பாத்துட்டுப் போதகரு மொத நாளே போன் பண்ணி வெவரத்தச் சொல்லிட்டாரு பாப்பா. நாந்தான்னு சொல்லச் சொல்லி மொதலாளிதான் சொன்னாக.”

எனக்கு ஏமாற்றமாக இருந்தது. “அப்ப அது பெரியப்பாவுக்குத்தானா? எனக்கு இல்லையா?”

அக்கா தாளைப் பிரிப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். “மொதலாளி சொல்லாட்டியும் ஒன்னையக் காட்டிக் குடுத்திருப்பேனாக்கும்? எல்லாருக்குந்தான்னு வச்சுக்கோயேன்.” பிறகு, “பங்குனி உத்திரத்த ஒட்டித்தான் பெரிய வெள்ளி வரும். அடுத்த வாட்டி நிலாவப் பாத்து மாத்து” என்று சிரித்தார்.

அக்கா சபையின் கட்சியே வென்றது என்று எனக்கு ஒரே திருப்தி.

அந்த டைரி இன்னும் என்னிடம் இருக்கிறது. நவம்பர் 15, வியாழன்: ‘கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. எல்லோருக்கும்.’ அதன் கீழே, சந்தேகம் வராமலிருக்க, தப்பித்தவர்கள் என்று ஒரு பட்டியல் போட்டிருக்கிறேன். நான், பெரியப்பா, அச்சகம், போதகரின் காலண்டர். அக்காவின் பெயர் இல்லை. விட்டுப்போனதாக அன்று எனக்குத் தோன்றவும் இல்லை.

மூன்று நாள் முந்தைய பக்கத்தில், நவம்பர் 12, திங்கள், ஒரே ஒரு வரிதான் இருக்கிறது: ‘அக்காவின் பெட்டியை நாங்களே பிரித்தோம். மிக்சர் நன்றாக இருந்தது.’