பத்து நிமிடம் முந்திய மணி

2007, ரமலான் மாதம். ஆம்பூரில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் பாடம் நடத்திக்கொண்டே செல்போனுக்கு ஒரு சின்ன புரோகிராம் எழுதியிருந்தேன். நோன்பு திறக்கும் நேரம் வந்ததும் போனில் மணி அடிக்கும், அவ்வளவுதான். நான் நோன்பு வைப்பவன் அல்ல. யோசனை பக்கத்து வீட்டு நண்பருடையது. ஷூ கம்பெனியில் தோல் வெட்டும் பிரிவில் இருந்தார். ஓவர்டைம் நாட்களில் கம்பெனி கேன்டீனிலேயே நோன்பு திறப்பார்கள். ஜெனரேட்டர் சத்தத்தில் பள்ளிவாசலின் பாங்கு அழைப்பு உள்ளே கேட்காது.

எல்லோருக்கும் கொடுப்பதற்கு முன் சிலர் பயன்படுத்திப் பார்க்க வேண்டும் என்றேன். "ஆள் நான் தர்றேன் வாத்தியாரே" என்று தன் பிரிவிலிருந்தே பத்துப் பேரைச் சேர்த்தார். ஒவ்வொரு போனிலும் புளூடூத்தில் ஏற்றிவிட்டு, தப்பு இருந்தால் கூச்சப்படாமல் சொல்லச் சொன்னேன்.

"தப்பு கண்டுபிடிக்கணும்னா எங்க சூப்பர்வைசரைச் சேத்துக்கோ. அவருக்கு வேற வேலையே இல்ல" என்றார் ஒருவர்.

முதல் நோன்பு அன்று மாலை, சூப்பர்வைசரைக் கிண்டல் செய்தவரைக் கடைத்தெருவில் பார்த்தேன். அன்று அவருக்கு லீவு. போனை வாங்கிப் பார்த்தேன். கடைக் கடிகாரத்தைவிடப் பத்து நிமிடம் முன்னே ஓடியது.

"இன்னா பாய், டைம் தப்பா இருக்கே?"

"தப்பில்ல, அது கம்பெனி டைம். கேட் மூடிட்டா அரை நாள் சம்பளம் போச்சே. எங்க செக்‌ஷன்ல எல்லாரும் இப்டித்தான் வெச்சிருக்கோம்."

என் புரோகிராம் போனின் கடிகாரத்தைத்தான் நம்பியிருந்தது. நாள் முழுக்கத் தண்ணீர்கூடக் குடிக்காமல் இருந்தவர்கள், சூரியன் மறையும் முன்பே பேரீச்சம்பழத்தை வாயில் போட்டால் அன்றைய நோன்பே போய்விடும். நண்பருக்குப் போன் செய்தேன். எடுக்கவில்லை. வேலை நேரத்தில் போனெல்லாம் சாப்பாட்டுப் பையில்தான் கிடக்கும்.

மொபெட்டைக் கிளப்பினேன். ரயில்வே கேட் மூடியிருந்தது. சரக்கு ரயில் அவசரமே இல்லாமல் போயிற்று. மலைக்குப் பின்னால் சூரியன் இறங்குவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அவர்கள் முகத்தில் இனி எப்படி விழிப்பது என்பதுதான் மனதில் ஓடியது.

கம்பெனி வாசலை அடைந்தபோது, வாட்ச்மேன் பக்கத்தில் நண்பர் நின்றிருந்தார்.

"பாய், உள்ள மணி அடிச்சிடுச்சா?"

"அப்பவே அடிச்சிடுச்சு."

"சாப்பிட்டுட்டாங்களா?"

என்னை ஒரு மாதிரி பார்த்தார். "சரியா அடிக்குதான்னு பாக்கச் சொன்னது நீதானே? பாக்காம எப்டி வாயில வெக்கிறது? பாங்கு கேட்டு நான் கை காட்டினாத்தான் பழத்தைத் தொடணும்னு சொல்லிட்டு வந்தேன்."

திரும்பிப் பார்த்தேன். கேன்டீன் கதவருகே ஒருவர் எங்களையே பார்த்தபடி நின்றார். வாட்ச்மேன் ரேடியோவை அணைத்தார். கொஞ்ச நேரத்தில் ஊர்ப் பக்கமிருந்து பாங்கு மெல்லியதாக வந்தது. நண்பர் கையைத் தூக்கினார். கதவருகே நின்றவர் உள்ளே போனார்.

அதன் பிறகு எத்தனையோ பேரிடம் எதையெதையோ சோதித்துப் பார்க்கக் கொடுத்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும், மணி அடித்த பிறகும் எழுந்து வாசல் வரை போய்க் காது கொடுக்கிற ஒருவர் அவர்களில் இருக்கிறாரா என்றுதான் முதலில் தேடுகிறேன்.