ஜோடி பிரித்த அட்டைகள்

மனைவியின் பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும், அவள் சேர்த்திருந்த அஞ்சல் அட்டைகளை ஒழுங்குபடுத்த உட்கார்ந்தேன். பல நாடுகளிலிருந்து முகம் தெரியாதவர்கள் அனுப்பிய நானூறு அட்டைகள். வனவிலங்குகளும் பழங்காலக் கட்டடங்களும் ஆல்பங்களில் கலந்து கிடந்தன. நாட்டுவாரியாகப் பிரித்து, கட்டடங்களை நூற்றாண்டு வரிசையில் அடுக்கினேன். நான்கு நாள் ஆயிற்று. அந்த நான்கு நாளும் மனத்தில் எதுவும் தோன்றவில்லை.

மறுநாள் அவளுடைய தோழி மும்தாஜ் சேலத்திலிருந்து எங்கள் சங்ககிரி வீட்டுக்கு வந்தார். ஆல்பத்தைப் புரட்டியவர் பாதியில் நிறுத்தினார்.

"அண்ணா, ஒட்டகச்சிவிங்கி பக்கத்துல சாஞ்ச கோபுரம் இருக்குமே, எங்கே?"

"இத்தாலிப் பகுதியில் வைத்திருக்கிறேன்."

"ஜோடியைப் பிரிச்சிட்டீங்களா? ஒவ்வொரு மிருகத்துக்கும் ஒரு வீடு பாத்து வெச்சிருந்தாளே. வரன் பாக்கற மாதிரி மாசக்கணக்கா தேடுவா. பொருத்தம் சரியான்னு எனக்குப் போன் போட்டுக் கேப்பா. காண்டாமிருகத்துக்கு மட்டும் எதுவும் அமையலைன்னு ஒரே சிரிப்பு."

"மற்ற ஜோடிகள் நினைவிருக்கின்றனவா?"

"ரெண்டு மூணுதாண்ணா. உங்களுக்குத் தெரியாதா?"

தெரியாது. அகழ்வில் கிடைக்கும் எதையும் எடுக்குமுன் அது கிடந்த நிலையை வரைந்து வையுங்கள் என்று முப்பது ஆண்டுகள் தொல்லியல் மாணவர்களுக்குச் சொன்னவன் நான். என் வீட்டில் அதைச் செய்யத் தோன்றவில்லை.

மும்தாஜுக்கு நினைவிருந்த மூன்று ஜோடிகளை மட்டும் சேர்த்து வைத்தோம். மற்றவை நாட்டுவாரியாகவே இருக்கின்றன. ஊகித்துச் சேர்த்தால் அது என்னுடைய வரிசையாகிவிடும், அவளுடையதாக இருக்காது.