வண்டு வராத பூசணித் தோட்டம்

“என்ன அத்தை பண்றீங்க?” என்று கேட்டேன்.

“கல்யாணம் பண்ணி வைக்கிறேன்.”

விடிந்து அரை மணி நேரம் ஆகியிருக்கும். அப்பாவின் தங்கை பூசணிக் கொடிகளுக்கு நடுவே குனிந்து நின்றாள். ஓர் ஆண் பூவின் இதழ்களைக் கிழித்துவிட்டு, நடுவிலிருந்த மஞ்சள் தண்டைப் பெண் பூவுக்குள் விட்டு உருட்டினாள்.

“அது வண்டு பண்ற வேலை இல்லையா?”

“தரகன் செத்துட்டான்டி. எனக்கே ஒண்ணும் அமையல, பூவுக்குத் தரகு பார்க்கிறேன்.”

“எப்படிச் செத்துச்சு?”

அடுத்த பூவுக்கு நகர்ந்த பிறகுதான் பதில் சொன்னாள்.

“நான்தான் கொன்னேன்.”

அத்தை தலை வாராமல் வாசலுக்குக்கூட வரமாட்டாள். தோட்டமும் அப்படித்தான் இருக்க வேண்டும் அவளுக்கு. வேலிக்கு இந்தப் பக்கம் அவளுடைய பூசணி. அந்தப் பக்கம் அதைப்போல நான்கு மடங்கு நிலத்தில் அப்பாவின் முலாம்பழம். வேலியோரம் ஒரு புதரும் பட்டமரமும் இருந்தன. மரத்தில் விரல் நுழையும் அளவுக்கு ஓட்டைகள். அவற்றில் கருவண்டுகள் குடியிருந்தன. கொடிகள் பூக்காத மாதங்களில் புதரின் பூக்கள் அவற்றுக்குச் சோறு போட்டன.

எலி அடைகிறது என்று இரண்டையும் வெட்டி எரித்தாள் அத்தை. “இப்பத்தான் தோட்டம் தோட்டமா இருக்கு” என்று அப்பாவும் மெச்சினார். பிறகு இலையைத் தின்னும் பூச்சிக்கு மருந்தடித்தாள். காற்று எழும்பினால் மருந்து கண்ணில் படும் என்று விடியற்காலையில் அடித்தாள். பூசணி பூப்பதும் அந்த நேரம்தான். மிஞ்சியிருந்த வண்டுகள் வருவதும் அப்போதுதான்.

அந்த வருடம் இரண்டு பக்கமும் பிஞ்சுகள் மஞ்சளாகி உதிர்ந்தன. அப்பா விதைக்கடைக்காரரிடம் போய், “சொத்தை விதையை என் தலையில கட்டிட்டே” என்று சண்டை போட்டார். அடுத்த வருடம் வேறு கடை, அதே உதிர்வு. அதோடு நிலத்தை ஒரு கிடங்குக்குக் குத்தகைக்கு விட்டுவிட்டு, அதே கிடங்கின் வாசலில் காவலுக்கு உட்கார்ந்தார்.

“என் நிலத்துக்கே நான் வாட்ச்மேன்” என்பார். எங்கள் வீட்டில் யாரும் சிரிப்பதில்லை.

நான் மேலே சொன்ன காலை அதற்கு நான்கு மாதங்களுக்குப் பிந்தையது. பூக்கள் மூடிக்கொண்டதும் அத்தை வீட்டுக்குள் போய் மருந்துப் புட்டியை எடுத்து வந்தாள்.

“நீ ரெண்டு பாஷை படிச்சவ. இந்தப் பொடி எழுத்துல என்ன போட்டிருக்கு?”

நம் மொழியில் அளவு மட்டும்தான் இருந்தது. மற்றதை நான் படித்துச் சொன்னேன்: பூ விரிந்திருக்கும் நேரத்தில் தெளிக்கக் கூடாது, தேனீயும் வண்டும் சாகும்.

“இதைப் பெருசா போட்டா விக்காது, இல்ல?” என்றாள். புட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “சந்தேகமாத்தான் இருந்துச்சு. சந்தேகமாவே இருந்திருக்கலாம்.”

அதன்பின் ஏழு வருடங்கள் காலைதோறும் பூ தொட்டாள். இடுப்பு நிமிராமல் போனது. அப்பா கேட்டால், பூச்சி பொறுக்குவதாகச் சொல்வாள். மதியம் அவள் வீட்டில் சாப்பிட வரும் அப்பா, கட்டிலடியில் அடுக்கியிருக்கும் காய்களைப் பார்த்து, “உனக்குக் கைராசி இருக்கும்மா. என் கை பட்டாத்தான் எல்லாம் கருகுது” என்பார். அவள் இன்னொரு கரண்டி சோறு வைப்பாள்.

போன மாதம் அத்தை இறந்தாள். அப்பா அவளுடைய கொடிகளுக்கு இன்னமும் தண்ணீர் விடுகிறார். கொடி பூக்கிறது, காய்ப்பதில்லை. தன் கை பட்டதால்தான் என்கிறார்.

கடைசியாக ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும்போது ஆட்டோவில் அத்தை என்னிடம் சொன்னாள்: “நான் இருக்கிற வரைக்கும் அண்ணன்கிட்ட சொல்லாதே. அவர் மூஞ்சியில முழிக்க என்னால முடியாது. ஆனா சொல்லாமலே விட்டுடாதடி. அந்த மனுஷன் தன் கையைத் திட்டிக்கிட்டே சாகக் கூடாது.”