அக்கா பேசிய கொரிய மொழி

அக்கா மறைந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைப் பெறும் பலருக்கு அவரை 'கொரியாக்காரங்களோட பேசுறவங்க' என்றுதான் தெரியும். அது எப்படி வந்தது என்பதை என் நாட்குறிப்புகளைப் பார்த்தே இங்கு எழுதுகிறேன்.

வல்லம் வடகாலில் பிறந்த அக்கா பத்தாம் வகுப்புவரை படித்தார். கணவர் இறந்தபின் மகளோடு படப்பையில் என் வீட்டுக்கு வந்து, பென்னலூரில் ஒரு கொரியப் பொறியாளர் வீட்டில் சமையலுக்குச் சேர்ந்தார். அந்த வீட்டம்மாவுக்குத் தமிழும் தெரியாது, ஆங்கிலமும் தெரியாது. நாள் முழுதும் அவரோடு காய் நறுக்கியபடியே அக்கா கொரிய மொழியைப் பேசப் பழகினார். நானோ ஞாயிறுதோறும் அம்மொழி வகுப்புக்குப் போய், தினம் ஐந்து சொல் எழுதி, இரண்டு தேர்வுகள் தேறினேன். ஆனால் வீட்டம்மா எதிரே வந்தால் என் வாய் திறக்காது.

"நீ எழுதிகினே இருடா, அந்தம்மா ஊருக்கே போயிடுவாங்க" என்பார் அக்கா.

பின்னர் ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலை அவரை மொழிபெயர்ப்பாளராக எடுத்தது. மூன்றாம் வாரம், புதிய பிரஸ் மெஷினை இயக்கும் முறை பற்றிய கொரியக் குறிப்பைக் கொடுத்து, உற்பத்தி லைனில் வேலை செய்பவர்களுக்கு விளக்கச் சொன்னார்கள். அக்காவுக்கு அந்த எழுத்தே தெரியாது. படத்தைப் பார்த்து ஒப்பேற்றும்படி சூப்பர்வைசர் ஜாடை காட்டினாராம். அக்கா எல்லார் முன்னிலும் சொன்னார்:

"எனக்குப் பேசத்தான் வரும் சார், படிக்க வராது. தப்பா சொன்னா இவங்க வெரலு போயிடும். படிக்கத் தெரிஞ்சவங்க வர்ற வரைக்கும் மெஷின ஓட்டாதீங்க."

வேலை போய்விட்டது என்றே எண்ணி அன்று வீடு திரும்பினார். மறுநாள், எழுத்துப் படிக்க ஒரு மாதம் தவணை கொடுத்தார்கள். அக்கா என் முதல் நோட்டை வாங்கிக்கொண்டார். பதிலுக்கு, சாப்பாட்டு வேளையில் நான் கொரிய மொழியில்தான் பேச வேண்டும் என்றார். குழம்பு கேட்கத் தெரியாமல் பல நாள் வெறும் சோறு சாப்பிட்டேன். மாதம் முடியுமுன் அதே குறிப்பை அக்கா லைனில் உரக்க வாசித்தார். யார் வழி சிறந்தது என்ற எங்கள் வாதம் மட்டும் ஓயவில்லை, அவருடைய கடைசி நாட்களில் மருத்துவமனையிலும் தொடர்ந்தது.

அக்கா மறைந்த காலை, ஊர் திரும்பிவிட்ட வீட்டம்மா அக்காவின் கைபேசிக்கு அழைத்தார். நான் எடுத்துச் செய்தியைச் சொன்னேன். அவர் அழுது அடங்கும்வரை கொரிய மொழியில் பேசினேன். வைத்தபிறகே உணர்ந்தேன்: ஒரு வாக்கியத்தையும் நான் பேசுமுன் மனதில் கோத்துப் பார்க்கவில்லை.

மருத்துவமனைக்கு முறை வைத்து வந்த லைன் தோழர்களுக்கும், உணவு கொடுத்தனுப்பிய அண்டை வீட்டாருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. வீட்டம்மாவுக்கு அவர் மொழியிலேயே நன்றி எழுதி அனுப்பியிருக்கிறேன். அக்கா இருந்திருந்தால், "இப்டி யாரும் பேச மாட்டாங்கடா" என்று இரண்டு இடங்களிலாவது திருத்தியிருப்பார்.