அக்காவுக்கு வாடை தெரியவில்லை

அக்காவின் கை நடுங்கிய பிறகுதான் நாங்கள் ஆஸ்பத்திரிக்குப் போனோம். அதற்கு நான்கு வருடம் முன்பே நோய் அக்காவின் மூக்கில் வந்து உட்கார்ந்துவிட்டிருந்தது. உங்கள் வீட்டிலும் யாருக்காவது இப்படி இருந்தால் நீங்களாவது என்னைப்போல் நடந்துகொள்ளாதீர்கள். அதற்காகத்தான் எழுதுகிறேன்.

அக்கா செல்வி கோவளத்தில் மீன் எடுத்து, பஸ் பிடித்து வந்து, தாம்பரம், சிட்லபாக்கம் தெருக்களில் கூடை சுமந்து விற்றவள். என்னைப் படிக்கவைத்து வாத்தியாராக்கியது அந்தக் கூடைதான். படகுகள் கரைக்கு வரும்போது சரியாக விடிந்திருக்காது. அந்த அரையிருட்டில் அவள் கண்ணை நம்பமாட்டாள். செவுளைப் பிளந்து மூக்கருகே கொண்டுபோவாள். ஒரே மூச்சு. வேண்டும், வேண்டாம் என்று சொல்லிவிடுவாள்.

எண்பதுகளின் கடைசியில் வாடிக்கை வீடுகளில் முணுமுணுப்பு கிளம்பியது. மீன் கெட்டுப்போயிருக்கிறது என்றார்கள். அக்கா இல்லவே இல்லை என்று சாதித்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை சிட்லபாக்கத்தில், பதினைந்து வருட வாடிக்கையான டீச்சரம்மா அவளைக் கூடையோடு நிறுத்திவைத்து எனக்கு ஆள் அனுப்பினார். நான் தெருமுனையில் திரும்பும்போதே நாற்றம் மூக்கில் அடித்தது. அக்கா ஒரு சங்கரா மீனை எடுத்து மோந்து பார்த்தாள்.

"வாட இன்னா வருது? ஒண்ணியும் வர்லியே."

"பொய் சொல்லாதக்கா. காசுக்காக இவ்ளோ எறங்கிட்டியா?" என்றேன், டீச்சரம்மா வீட்டு கேட் முன்னால், நாலு பேர் பார்க்க.

அவள் மீனைத் திரும்பக் கூடையில் போட்டாள். கூடையைத் தலைக்குத் தூக்கிவிடச் சொல்லிக்கூட என்னைக் கேட்கவில்லை.

அதோடு வியாபாரம் படுத்துவிட்டது. அவள் சிரிப்பதும் குறைந்தது. வாரக்கணக்கில் மலச்சிக்கல் என்று விளக்கெண்ணெய் குடித்தாள். தூக்கத்தில் கத்தினாள், சுவரை உதைத்தாள். அகப்பட்டுக்கொண்ட வெட்கம் என்று எல்லாவற்றுக்கும் நானே ஒரு காரணம் வைத்திருந்தேன். எவ்வளவு மடையன் நான்.

வலது கை நடுங்கத் தொடங்கி, நடை தளர்ந்தபோது நரம்பியல் டாக்டரிடம் கூட்டிப்போனேன். பார்க்கின்சன் நோய் (மூளையில் டோபமின் என்ற வேதிப்பொருள் குறைந்து உடலின் அசைவுகள் மெல்ல முடங்கும் நோய்) என்றார். பிறகு காபித் தூள் கொண்டுவரச் சொல்லி அக்காவின் மூக்கருகே நீட்டினார். அவள் கண்ணை மூடி ஆழமாக இழுத்தாள்.

"ஒண்ணியும் தெர்லியே சார்."

சிலருக்கு நடுக்கம் வருவதற்குப் பல வருடம் முன்பே வாசனை தெரியாமல் போகும் என்றார் டாக்டர். மலச்சிக்கல், மனச்சோர்வு, தூக்கத்தில் கத்துவது என்று அவர் சொல்லச் சொல்ல, நான் அவள்மேல் சுமத்திய குற்றங்கள் ஒவ்வொன்றாகத் திரும்பிவந்தன.

அக்கா என் பக்கம் திரும்பினாள்.

"அப்போ நான் பொய் சொல்லலடா தம்பி."

மன்னித்துவிடு என்று சொல்லி அங்கேயே அழுதேன். மன்னித்தாளா என்று தெரியவில்லை. நோயில் இறுகிப்போன அந்த முகத்தில் எதையும் படிக்க முடியவில்லை.

மாத்திரையில் கை ஓரளவு வசப்பட்டது. மூக்கு திரும்பவே இல்லை. உண்மையைச் சொல்ல டீச்சரம்மாவைத் தேடிப் போனேன். மாற்றலாகிப் போய்விட்டதாகப் பக்கத்து வீட்டில் சொன்னார்கள். அக்கா இன்னும் ஆறு வருடம் இருந்தாள்.

இப்போது தினமும் காலையில் காபி டப்பாவைத் திறந்து மோந்து பார்க்கிறேன். மணம் வருகிறது. இன்றைக்கும் எனக்கு ஒன்றுமில்லை என்று தேறுவதற்குள் மறுபடி அந்த கேட் முன்னால் நிற்கிறேன். அக்கா மீனை மூக்கில் வைத்துக்கொண்டு என் முகத்தையே பார்க்கிறாள்.