'சாப்பு நிப்பிஸ்' என்று ஒரு லேபிள்

"இந்த டப்பாவுல என்ன இருக்கு?"

போன சனிக்கிழமை, பெர்மாஸ் ஜெயா கிளினிக்கில் டாக்டரம்மா என்னைக் கேட்ட கேள்வி இது. சாதாரணக் கேள்விதான். எனக்குத்தான் நாற்காலியில் இருப்புக் கொள்ளவில்லை. பக்கத்தில் என் மகள் தாரிணி, ஒன்பது வயது. இரண்டு முழங்கை மடிப்பிலும் சிவந்து வெடித்து, நீர் கசிகிற எக்ஸிமா. கைகளை மேசைமேல் நீட்டியபடி அவளும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மூலிகை, டாக்டர்."

"எந்த மூலிகை?"

தெரியாது. சத்தியமாகத் தெரியாது!

சரி, கதையை முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன். உங்களிடம் மறைத்து என்ன ஆகப் போகிறது?

தாரிணிக்கு இந்த அரிப்பு கைக்குழந்தையாக இருந்தபோதே உண்டு. வரும், போகும். இந்த வருஷம் வந்தது போகவே இல்லை. வகுப்பில் சீருடையின் நீளக் கைக்குள் ஸ்டீல் ரூலரை விட்டுச் சொறிகிறாள் என்று டீச்சர் போன் செய்து சொன்னார். அன்றைக்கே இதே டாக்டரம்மாவிடம் ஓடினோம். ஈரப்பதத்துக்கு ஒரு கிரீம், வீக்கம் தணிய ஒரு ஸ்டீராய்டு கிரீம் கொடுத்தார்.

ஸ்டீராய்டு! அந்த வார்த்தை ஒன்றே போதும், என்னைக் கிளப்பிவிட. காரில் ஏறியதும் போனை எடுத்தேன். முதலில் வந்தது யாரோ ஒருவருடைய முகம். தோல் மெலிந்து, நரம்பு தெரிந்து... பார்த்த கண்ணை மூட முடியவில்லை.

நான் பாசிர் கூடாங் தொழிற்சாலையில் குவாலிட்டி கன்ட்ரோல் சூப்பர்வைசர் என்பது உங்களுக்குத் தெரியும். வாராவாரம் எழுதும் இந்தப் பத்தியிலேயே எத்தனை முறை பீற்றிக்கொண்டிருக்கிறேன்! ஒரு போட்டோவை நம்பிவிட முடியுமா? ஆராய்ச்சிக் கட்டுரைகளைத் தேடினேன். சாப்பிடும்போது, சிக்னலில் நிற்கும்போது, கோயில் வரிசையில்கூடப் படித்தேன். எத்தனை பேரை வைத்துச் சோதித்தார்கள்? எவ்வளவு வீரியமான மருந்து? எத்தனை நாள் பார்த்தார்கள்?

பல ஆய்வுகளைச் சேர்த்து அலசியவர்கள் ஏறக்குறைய ஒன்றையே சொன்னார்கள். ஏற்ற வீரியத்தில், சொன்ன நாள் வரைக்கும் பூசினால் தோல் மெலிவது அபூர்வம். வீரியமானதை இஷ்டத்துக்கு, மாதக் கணக்கில் பூசினால்தான் ஆபத்து கூடும். அதோடு நிறுத்தியிருந்தால் நிம்மதியாகியிருப்பேன். அடியில் இன்னொரு வரி எழுதியிருந்தார்கள். பெரும்பாலான ஆய்வுகள் சில வாரங்கள்தான் நடந்தன, பல வருஷங்களுக்கான சான்று போதாது என்று.

போதாதா? போதாதாம்! மேலே இருந்ததையெல்லாம் மறந்தேன். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குள் மேலும் கீழும் நடந்தேன்.

அப்போதுதான் ஸ்டீராய்டு கிரீம் டியூபின் லேபிள் கண்ணில் பட்டது. மலாயில் அச்சடித்திருந்தது — 'சாப்பு நிப்பிஸ்'.

"பாத்தியா விஜி! இதுலயே போட்டிருக்கான். பூசுனா தோலு மெலிசாயிடுமாம்!"

என் மனைவி விஜி அடுப்படியிலிருந்து எட்டிக்கூடப் பார்க்கவில்லை. "நீங்க போனைக் கீழ வைங்க முதல்ல," என்றாள். அவள் பேச்சை எப்போது கேட்டிருக்கிறேன், அன்றைக்குக் கேட்க?

டியூப் டிராயருக்குள் போனது. அந்த வாரமே உலு திராமிலிருந்து என் அண்ணி ஒரு வெள்ளை டப்பாவோடு வந்தார்.

"சுத்தமான மூலிகை தம்பி. ஸ்டீராய்டு கிடையாது லா. எங்க பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு மூணே நாள்ல போயிருச்சு."

மூன்று நாள்கூட ஆகவில்லை. இரண்டாவது நாளே தாரிணியின் கை பளிச்சென்று ஆனது! குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டோ போட்டேன். கட்டைவிரல்களும் கும்பிடுகளும் வந்து குவிந்தன. மூலிகைதானே, என்ன பயம் என்று தாராளமாகப் பூசினேன், ஐந்து வாரம். டப்பா அடிமட்டத்துக்கு வந்ததும் இரண்டு நாள் பூசாமல் விட்டேன். போனது இரண்டு மடங்காகத் திரும்பி வந்தது. சட்டைக் கை உரசினாலே அழுதாள்.

அதனால்தான் போன சனிக்கிழமை மறுபடியும் கிளினிக்.

டாக்டரம்மா டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அடியில் பார்த்தார். மூடிக்குள் பார்த்தார். "லேபிள் எங்க? பதிவு எண் இல்ல, அரசாங்க ஹோலோகிராம் முத்திரை இல்ல... யாரு செஞ்சாங்கன்னே இல்லையே?"

தொழிற்சாலையில் பேட்ச் எண் இல்லாத பெட்டி ஒன்று வந்தால் என்ன செய்வேன் தெரியுமா? திறந்துகூடப் பார்க்க மாட்டேன். சிவப்பு ஸ்டிக்கரை ஒட்டித் திருப்பி அனுப்புவேன். லாரி டிரைவர் கெஞ்சினாலும் சரி. அப்படிப்பட்டவன் பெயர் இல்லாத, ஊர் இல்லாத ஒன்றை என் பிள்ளையின் தோலில் ஐந்து வாரம் அப்பியிருக்கிறேன்.

"இதுல என்ன இருக்குன்னு டெஸ்ட் பண்ணாம நான் சொல்ல முடியாது," என்றார். "ஆனா ரெண்டே நாள்ல பளிச்சுனு ஆச்சுங்கிறீங்க, நிறுத்துனதும் இப்படித் திரும்புதுங்கிறீங்க. வீரியமான ஸ்டீராய்டைச் சொல்லாம கலந்து விக்கிறவங்க இருக்காங்க. டப்பாவை வீசிடாதீங்க. சோதனைக்குக் கொடுக்கலாம்."

எதற்குப் பயந்து ஓடினேனோ, அதையே நான் அள்ளி அள்ளிப் பூசியிருக்கலாம்! "தோலு... மெலிஞ்சிருக்கா டாக்டர்?"

அவர் தாரிணியின் முழங்கை மடிப்பை விரலால் தடவி, விளக்கைக் கிட்டே இழுத்து நிதானமாகப் பார்த்தார். எனக்கு அது ஒரு யுகம். "இப்ப அப்படித் தெரியல. ரெண்டு வாரம் கழிச்சு மறுபடி பாக்கணும். நான் குடுத்த கிரீம் என்ன ஆச்சு?"

"லேபிள்லயே எழுதியிருந்துச்சே டாக்டர்... சாப்பு நிப்பிஸ்... பூசுனா மெலியும்னு..."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார்.

"அலமாக், அப்பா!" என்றாள் தாரிணி. "மெலிசா பூசணும்னு சொல்றாங்க லா!"

பள்ளியிறுதி எஸ்.பி.எம். தேர்வில் மலாய்க்கு ஏ வாங்கியவன் நான். சாப்பு என்றால் பூசு, நிப்பிஸ் என்றால் மெல்லிசு. எனக்குத் தெரியாததா? பயம் வந்தால் படித்தது பறந்துவிடும் போலிருக்கிறது.

டாக்டரம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு கிரீமைத் தன் ஆள்காட்டி விரல் நுனியிலிருந்து முதல் கோடு வரைக்கும் பிதுக்கிக் காட்டினார். பெரியவர்களின் இரண்டு உள்ளங்கை அளவு இடத்துக்கு அது போதுமாம். எத்தனை நாள் பூசுவது, எப்போது நிறுத்துவது என்று எழுதியும் கொடுத்தார். விடுவேனா? "பல வருஷத்துக்கான ஆய்வு போதாதுன்னு படிச்சேனே?" என்றேன்.

"ஆமா, போதாதுதான்," என்றார் பட்டென்று. "அதனாலதான் திரும்ப வரச் சொல்றேன். தெரியாததைத் தெரியாதுன்னு எழுதுறவங்களை நம்பலாம், சார்."

அந்த வார்த்தை இன்னும் என்னைக் குடைகிறது. தெரிந்தது இவ்வளவு, தெரியாதது இவ்வளவு என்று எழுதிவைத்தவர்களைச் சந்தேகப்பட்டேன். எதையுமே எழுதாத டப்பாவுக்கு நூற்றுக்கு நூறு போட்டேன். நீங்கள் மட்டும் என்ன, உங்கள் பிரிட்ஜுக்குள் பெயரில்லாத டப்பா ஒன்றுகூட இல்லையா? போய்ப் பாருங்கள்.

தாரிணியின் கை இப்போது மெல்ல ஆறுகிறது. இரண்டு நாளில் அல்ல, மெதுவாக. ரூலர் பென்சில் பெட்டிக்குத் திரும்பிவிட்டது. எனக்குத்தான் இன்னும் ஆறவில்லை. ஒரு நாளைக்கு நாலு தடவை அவள் கையைப் பிடித்து வெளிச்சத்தில் பார்க்கிறேன். "விடுங்கப்பா" என்று உதறிவிட்டு ஓடுகிறாள்.

சோதனைக்குப் போகும்வரை டப்பாவை யாரும் தொடக்கூடாதே என்று திங்கட்கிழமை தொழிற்சாலையிலிருந்து 'ரிஜெக்ட்' ஸ்டிக்கர் இரண்டு கொண்டுவந்தேன். ஒன்றை மூடியில் ஒட்டினேன். மற்றதைத் தாரிணி உரித்து, என் சட்டைப் பையில் ஒட்டி, நன்றாக அழுத்தியும் விட்டாள்.

"ஏம்மா, அப்பாவும் ரிஜெக்ட்டா?"

"இல்லப்பா... உங்கள செக் பண்ணாம வெளிய விட்டுட்டாங்க."