தனபாலின் காது மிஷின்

வாசலில் செருப்பை விடும்போதே தனபாலின் கை காதுக்குப் போய்விடும். அவரைக்கொட்டை அளவிலான இரண்டு காது மிஷின்களையும் கழற்றி, சார்ஜர் டப்பிக்குள் வைத்து மூடிய பிறகுதான் சோற்றுக்கு உட்காருவார். சாப்பிட்டுவிட்டுத் தறிக்குடோனுக்குக் கிளம்பும்போது மறுபடியும் மாட்டிக்கொள்வார். காது மிஷின் வைத்திருப்பவர்கள் சத்தமுள்ள இடத்தில் கழற்றுவார்கள், வீட்டில் மாட்டுவார்கள். இவர் நேர்மாறு.

"தறிக்குள்ள மாட்டாதீங்கன்னு டாக்டரு படிச்சுப் படிச்சுச் சொன்னாருங்க" என்று மனைவி பாப்பாயி சத்தம் போடுவார்.

"ஏனம்மிணி, தறி தப்பா ஓடுனா காது கேட்டாத்தான தெரியும்? ஊட்டுல கேக்கறதுக்கு என்ன இருக்குது?" என்பார் தனபால்.

சென்னிமலைக்குப் பக்கத்தில் வீட்டை ஒட்டியே பன்னிரண்டு விசைத்தறிகள். பெட்ஷீட் ஓடுகிறது. இத்தனை வருடச் சத்தம் தின்றது போக மிச்சம்தான் அவர் காது. ஆனால் மனுஷன் லேசுப்பட்டவர் இல்லை. கேட்காமல் இருப்பது எவ்வளவு பெரிய வசதி என்று கண்டுகொண்டவர். விருந்துக்கு அழைத்தால் கேட்கும், பஞ்சாயத்துக்கு அழைத்தால் கேட்காது. பாப்பாயி குறை சொல்ல ஆரம்பித்தால் முகத்தைச் சாந்தமாக வைத்துக்கொண்டு தலையாட்டுவார். கடைசியில் எல்லாருக்கும் ஒரே பதில்: "எல்லாஞ் செரியாப் போயிரும்." சொந்தக்காரர்கள் நடுவில் அவருக்குப் பொறுமைசாலி என்று பெயர்.

அன்று மத்தியானம் மகள் வர்ஷினியிடமிருந்து பாப்பாயிக்கு வாட்ஸப்பில் ஒரு குரல் செய்தி வந்தது. வர்ஷினியைப் புனேயில் கட்டிக்கொடுத்திருக்கிறார்கள். தறி ஓடும்போது போனில் வரும் பேச்சு ஒன்றும் விளங்காது. அதற்கென்றே பாப்பாயி வீட்டுக் கம்ப்யூட்டருக்கு ஒரு புது ஸ்பீக்கர் வாங்கி வைத்திருந்தார். வயர் இல்லாதது. விற்கும்போதே கடைக்காரர் சபரீஷ் சொல்லியிருந்தார்: "செட்டிங்ஸ்ல புளூடூத்தை ஆன் பண்ணுங்கக்கா. பக்கத்துல இருக்கறதுக பேரெல்லாம் வருமுங்க. ஸ்பீக்கரைத் தொட்டீங்கன்னா முடிஞ்சுதுங்க."

பாப்பாயி புளூடூத்தை ஆன் செய்தார். தனபால் அப்போதுதான் மிஷின்களை மாட்டிக்கொண்டு குடோனுக்குள் போயிருந்தார். டப்பியிலிருந்து எடுத்த கையோடு அந்த மிஷினும் புளூடூத்தில் சில நிமிடங்களுக்கு ஜோடி தேடும் என்பது வீட்டில் யாருக்கும் தெரியாது. திரையில் இரண்டு பெயர்கள் வந்தன. இரண்டுமே ஆங்கில எழுத்தும் எண்ணும் கலந்தவை. பாப்பாயி மேலே இருந்ததைத் தட்டினார். இணைந்துவிட்டது என்று காட்டியது. சந்தோஷமாகக் கம்ப்யூட்டரில் வாட்ஸப்பைத் திறந்து செய்தியை ஓடவிட்டார். ஸ்பீக்கர் மூச்சுக்கூட விடவில்லை.

சுவருக்கு அந்தப் பக்கம், அறுந்த நூலைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்த தனபாலின் காதுக்குள் "அம்மா" என்று ஒரு குரல் கேட்டது.

திடுக்கிட்டுத் திரும்பினார். பின்னால் யாரும் இல்லை. தறி ஓட்டும் ராமுலு கடைசித் தறியில் வேலையாக இருந்தார். இது வர்ஷினியின் குரல் அல்லவா? சொல்லாமல் கொள்ளாமல் வந்துவிட்டாளா? வாசலை எட்டிப் பார்த்தார். வாசல் காலி. குரல் மட்டும் மண்டைக்குள் பேசிக்கொண்டே இருந்தது. தறிச் சத்தத்தில் துண்டு துண்டாகத்தான் விழுந்தது. ஹாஸ்டல் என்றது. அழுதது. நின்றுவிட்டது.

உள்ளே பாப்பாயி ஸ்பீக்கரை இரண்டு தட்டுத் தட்டிவிட்டு, செய்தியை மறுபடியும் முதலிலிருந்து ஓடவிட்டார். இந்த முறை தனபால் தறியை விட்டு விலகிச் சுவரோரமாக நின்று கேட்டார்.

"அம்மா, அவரு அடிக்கறது நிக்கலீங்கம்மா. அந்த ஊட்ட உட்டு வந்துட்டனுங்க. ஹாஸ்டல்ல இருக்கறேன். அப்பாகிட்ட ஒண்ணுஞ் சொல்ல வேண்டாமுங்க. தீவாளிக்கு வந்தப்பவே அப்பாகிட்டப் பூராவுஞ் சொன்னனுங்க. 'எல்லாஞ் செரியாப் போயிரும் கண்ணு'ன்னாரு. அப்பறந்தான் பாத்தேன், மிஷினு டப்பிக்குள்ள இருந்துச்சு..."

அதற்கு மேல் சொன்னதைத் தறிச் சத்தம் விழுங்கிவிட்டது.

தீபாவளியன்று மகள் எதிரில் உட்கார்ந்து வாயசைத்தது தனபாலுக்கு ஞாபகம் வந்தது. அவள் கண்ணைத் துடைத்தாள். பட்டாசுப் புகை என்று நினைத்துக்கொண்டார். ஐயோ, நான் என்ன மனுஷன்? பெற்ற பிள்ளை அடிவாங்குகிறேன் என்று சொல்கிறாள், நான் பலகாரத் தட்டை அவள் பக்கம் நகர்த்தினேனே!

மூன்றாம் முறையாக "அம்மா" என்று ஆரம்பித்தது. தனபால் வேட்டி தடுக்க ஓடினார். தறிகளுக்குத் தனி லைன், அதன் மெயின் சுவிட்ச் குடோன் மூலையில் இருந்தது. அதைப் பிடித்துக் கீழே இறக்கினார். பன்னிரண்டு தறிகளும் பாதி நெசவில் நின்றன.

"என்னங்க, கரண்டு போயிருச்சுங்களா?" என்று ராமுலு ஓடிவந்தார்.

தனபால் ஒரு கையை நீட்டி அவரை அங்கேயே நிறுத்தினார். மறு கையால் காதைப் பொத்திக்கொண்டு, தறிகளுக்கு நடுவில் வெறுந்தரையில் உட்கார்ந்தார்.

"சொல்லு கண்ணு, கேக்குது" என்றார்.